அகத்திக்கீரை வைத்த ஞாயிறு

அவர் தட்டில் அகத்திக்கீரையை இரண்டு கரண்டி கூடவே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெண் பிள்ளைகள் இரண்டுக்கும் முதலில் சோறு போட்டு, விளையாடப் போங்கள் என்று வெளியே அனுப்பியிருந்தேன்.

கீரையைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"இன்னிக்கு என்ன, துவாதசியா?"

"தேக்கா மார்க்கெட்டுல பசுமையா இருந்துச்சு. சாப்பிடுங்க."

அகத்தி மருந்தை முறிக்கும். மருந்து எடுக்கிற ஆள் அதைத் தொட மாட்டான். நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்ப்போமே என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

டின் என் மடியில் இருந்தது.

காலையில் அலமாரியைத் துடைக்கும்போது மைலோ டின்னுக்குப் பின்னால் கிடைத்தது. பழைய பவுடர் டின். உள்ளே கறுப்பாக லேகியம். நெய் வாசனை, வெல்ல வாசனை, அதற்கடியில் இன்னொரு வாசனை. அது எனக்குத் தெரியும். எங்கள் கோட்டர்ஸ் வீட்டுக்குப் பின்சந்தில் சாயங்காலம் நாலு பேர் குந்தி இழுப்பார்களே, அந்த வாசனை.

கஞ்சா.

இவர் முனிசிபல் லாரி ஓட்டுகிறவர். பிடிபட்டால் ஜெயில். வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும். இரண்டு பெண்களை இழுத்துக்கொண்டு நான் எந்தத் தெருவில் நிற்பது?

மூன்று மாதமாகவே ஆள் சரியில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நூர்தீன் பாயின் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறார். எதற்கு என்று கேட்டால் இருமல் என்கிறார். ஒருநாள்கூட இருமிப் பார்த்ததில்லை. திடீரென்று வீட்டில் கரிசனம் வேறு. விடிந்ததும் தானே அடுப்பை மூட்டி, எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் லாரிக்குக் கிளம்புகிறார். பதினாறு வருஷத்தில் இல்லாத அதிசயம். தப்புப் பண்ணுகிற ஆம்பளைதான் இப்படிக் குழைவான்.

நான் தலை நிமிர்ந்ததே இப்போதுதான். இரண்டு வருஷம் வலது கன்னத்தில் அப்படி ஒரு வலி. தலை வாரினால் வெட்டும், காற்றுப் பட்டால் வெட்டும். ஒரு வாய் சோறு மெல்ல முடியாது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, கன்னத்தில் ஒன்றுமில்லை, நரம்புதான் மூளைக்குப் பொய்ச் சேதி அனுப்புகிறது என்றார். நரம்பை வெட்டிவிடலாம், ஆனால் பாதி முகம் மரத்துப்போகும் என்றார். இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

காளியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். வலி நின்றது. மூன்று மாதமாக அசுரப் பசி. இரண்டு வருஷம் பட்டினி கிடந்த வாய், கேட்கத்தானே செய்யும்.

என் நரம்பே என்னிடம் பொய் சொல்லும்போது புருஷன் சொல்ல மாட்டாரா?

அவர் இன்னும் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

சட்டென்று குனிந்து கீரையை அள்ளி அள்ளித் தின்ன ஆரம்பித்தார். சோறுகூடச் சேர்க்காமல். அகத்தி என்றாலே கசக்கிறது என்று முகம் சுளிக்கிற மனுஷன்.

"சட்டியில இன்னும் இருக்கா? எல்லாத்தையும் போடு."

கொட்டினேன். அதையும் வழித்துத் தின்றார்.

அப்போ லேகியத்தை இவர் சாப்பிடவில்லை. அப்படியானால் விற்கிறார். அது இதைவிடப் பெரிய ஜெயில்.

டின்னை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"யாருக்கு விக்கிறீங்க?"

அவர் டின்னைப் பார்க்கவில்லை. காலிச் சட்டியைப் பார்த்தார். பிறகு என்னை.

"ரத்னம், நீ இந்தக் கீரைய சாப்பிடலல்ல?"

"பிள்ளைங்களோட அப்பவே சாப்பிட்டாச்சு. ரெண்டு தடவை. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

கை கழுவாமல் எழுந்தார். அலமாரியிலிருந்து என் மைலோ குவளையை எடுத்தார். டின்னைத் திறந்து, சுண்டைக்காய் அளவு லேகியத்தை இடது கையாலேயே உருட்டிக் குவளைக்குள் போட்டார். அளவு பார்க்கவில்லை. விரலுக்குப் பழகியிருந்தது. கொஞ்சம் யோசித்து இன்னொரு உருண்டையும் போட்டார்.

வெந்நீர் ஊற்றிக்கொண்டே என் வலது கன்னத்தைப் பார்த்தார்.

"வலி வந்துச்சா?"

இன்னும் வரவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.