தொண்ணூறில் வந்தவர்

“நீங்க படகுல வந்தீங்களா?” பூஜா படிவத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“ஆமாம்மா. தொண்ணூறுல. இலங்கை, பேசாலையிலேர்ந்து. எழுதிக்குங்க” என்றார் ஜவஹர்.

மயிலாப்பூரில் அந்தக் கண்காட்சிக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க வரைபடம். இந்த நாட்டுக்குள் யார் யார், எந்தக் காலத்தில், எந்த வழியாக வந்து குடியேறினார்கள் என்று அம்புக்குறிகள். ஆர்மீனிய வணிகர்கள், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், இலங்கையிலிருந்து படகேறியவர்கள். வந்தவர்கள் பெயரும் ஃபோன் நம்பரும் தந்தால் அவர்களுக்கென்று ஒரு குண்டூசி, பக்கத்திலேயே அந்த விவரம்.

நாளைக் காலை திறப்பு. அதே வரைபடம் இணையத்திலும் வரும். ஓர் ஊசிகூடத் தப்பாக இருக்கக் கூடாது என்று ஆறு மாதமாக வீடு வீடாக அலைந்தவள் பூஜா.

ஜவஹருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“எங்கம்மா கல்யாணப் பட்டு உங்க கடையில எடுத்ததுதான் அண்ணாச்சி. எண்பத்தெட்டுல. கல்லாவுல நீங்கதான் இருந்தீங்களாம்.”

அவர் தலையைச் சொறிந்தார். படகில் எத்தனை பேர் என்று கேட்டாள். கூட வந்திருந்த நடுத்தர வயதுக் கடைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பத்தொன்பது என்றார். என்ன மாதம் என்றதற்கும் ஒருமுறை திரும்பினார்.

பக்கத்து மேஜையில் இன்னொரு படிவம் எழுதிக்கொண்டிருந்த சக ஊழியன் ஷெல்டன் சிரித்தான். “விட்டா ஆர்மீனியாவும் என் ஊர்தான்னு சொல்வாரு.”

பூஜா சிரிக்கவில்லை. “அடுத்தவங்க பட்ட கஷ்டத்துல உங்க கடைக்கு விளம்பரம் வேணாம். கிளம்புங்க அண்ணாச்சி.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“வந்தது நானில்லம்மா. இந்த லூயிசா. அப்ப ஒன்பது வயசு. இவளை அத்தையோட முதல் படகுல ஏத்திவிட்டுட்டு, தம்பிக்குக் காய்ச்சல்னு அம்மா அடுத்த படகுக்கு நின்னுட்டாங்க. அந்தப் படகு எந்தக் கரைக்குப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

அவள் பெயரையே தரலாமே என்றாள் பூஜா.

“இலங்கைன்னு தெரிஞ்சதும் ரெண்டு வீட்டுல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இப்ப இருக்கற வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாது. பேரைப் போட்டா வீடு போயிடும். போடலேன்னா, தம்பி எதைப் பார்த்துத் தேடி வருவான்? என் பேரைப் போடுங்க. என்னை யாரு காலி பண்ணச் சொல்லப் போறா?”

லூயிசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூஜா படிவத்தில் ஜவஹரின் பெயரை எழுதினாள். பேசாலை, 1990 என்று எழுதினாள். அவருடைய ஃபோன் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தாள். கடைசிக் கட்டம் ஒன்று மீதி இருந்தது: பிரிந்துபோன உறவினர்.

“உங்க தம்பி பேரு என்ன அண்ணாச்சி?” என்று கேட்டாள், லூயிசாவைப் பார்த்து.