செவ்வாய்க்கிழமை கேட்ட கதை

"நிறுத்தும்மா" என்று தயாரிப்பாளர் கையைத் தூக்கினார்.

ஆக்னஸ் நிறுத்தினாள். படத்தின் கதையை இடைவேளை வரைக்கும் சொல்லியிருந்தாள். விடிந்தால் கல்யாணம். ஆயிரம் பேருக்குச் சமைக்க வேண்டிய ஆள் மண்டபத்தை விட்டு ஓடிவிட்டான்.

"முடிவ நான் சொல்லட்டுமா? பொண்ணு மணமேடைய விட்டு எறங்குறா. கழுத்துல மாலையோட நேரா அடுப்படிக்குப் போறா. அண்டாவ ஏத்துறா. சரியா?"

இதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. படப்பெட்டியோடு ஊர் ஊராகப் பஸ்ஸில் போனவர், இன்று இந்த ஸ்டூடியோவின் தலைவர். தயாரித்தது ஐம்பத்திரண்டு படங்கள். யார் கதை சொல்ல வந்தாலும் பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார்.

அவள் சிரிக்கவில்லை.

"அது நீங்க சொன்னதுதானே சார். போன செவ்வாய்க்கிழமை வந்தப்ப. நான் வச்சிருந்த முடிவு வேற."

செவ்வாய்க்கிழமை.

திங்கள், பல் டாக்டர். புதன், மூன்றாவது ஃப்ளோரில் செட்டைப் பிரித்தார்கள். வியாழன், டப்பிங் பார்த்தார். எல்லாம் வரிசையாகத்தான் வருகிறது.

நடுவில் ஒரு நாள் இல்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் மதுரை விநியோகஸ்தர் போட்டிருந்த சட்டையின் நிறம் ஞாபகம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணின் முகம் இல்லை.

கதை கேட்கும்போதெல்லாம் கூடவே உட்காரும் மேனேஜர் தணிகாசலத்துக்கு அன்று நடந்தது தெரியும். மகளுக்கு வளைகாப்பு என்று லீவில் இருக்கிறார். போன் செய்யலாம். என்னவென்று கேட்பது? கேட்டால் சாயங்காலத்துக்குள் ஸ்டூடியோ முழுக்கப் பரவிவிடும். அடுத்த மாதம் போர்டு கூடுகிறது. அவருக்கு வயசாகிவிட்டது, வேறு ஆளைப் போடலாம் என்று ஏற்கெனவே பேச்சு.

கதைக்குச் சரி என்றாரா, வேண்டாம் என்றாரா?

முகத்துக்கு நேரே யாரிடமும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. கதை பிடிக்காவிட்டால் மேஜை மேல் இருக்கும் மணியை அழுத்துவார். காபி வரும். குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இது தெரியாத உதவி இயக்குநர் கோடம்பாக்கத்தில் கிடையாது.

விரல் மணியின் மேல் போய் நின்றது.

"ஏம்மா" என்றார், சும்மா கேட்பதுபோல. "அன்னைக்கு உனக்குக் காபி குடுத்தாங்களா?"

ஆக்னஸ் அவரைப் பார்த்தாள். மேனேஜரின் காலி நாற்காலியைப் பார்த்தாள். மடியில் இருந்த நோட்டை மூடினாள்.

அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இல்ல சார்."

பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அப்படியென்றால் சரி என்று சொல்லியிருக்கிறார். பிறகு எதற்கு மறுபடியும் வந்து முதலிலிருந்து சொல்கிறாள்?

அதையும் கேட்டுவிடலாம்.

கேட்டால், அன்று நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை என்பது வெளியே தெரிந்துவிடும். ஆக்னஸ் மணி மேல் இருந்த அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை எடுப்பதா, அழுத்துவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படியே வைத்திருந்தார்.