யூலிற்றாவின் சாரைக்குட்டிகள்

மரியநேசனின் மனைவி யூலிற்றா பானைக்குள் பாம்பு வளர்க்கிறாள் என்ற கதை, ஞாயிறு பூசை முடியுமுன்னரே முல்லைத்தீவுக் கரை முழுக்கப் பரவிவிட்டது.

கதை பொய்யில்லை.

கடற்கரையில் வலைகள் வைக்கும் அவர்களுடைய வாடிக்குள் பழைய தென்னோலைக் கிடுகுகளைப் புரட்டியபோது, அடியில் வெள்ளையாய்ச் சில முட்டைகள் கிடந்தன. யூலிற்றா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீறிக்கொண்டது. சின்னதாய் ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு ஒரு நாக்கு.

பயப்படுவதற்கு அவளுக்கு நேரமே இருக்கவில்லை. "இஞ்சை ஓடி வாங்கோ" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

மரியநேசன் மண்வெட்டியோடு ஓடி வந்தான். அதற்குள் அடுத்த முட்டையும் கீறியிருந்தது.

"சாரைக்குட்டியப்பா. நஞ்சில்லை. வளத்துவிட்டால் இந்த வாடியிலை ஒரு எலி மிஞ்சாது."

எலி என்றதும் அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். போன மாரியில், கட்டித் தூக்கி வைத்திருந்த பருத்தி நூல் வலையை எலிகள் கடித்துக் குதறிவிட்டிருந்தன. வருசக் கணக்கில் உட்கார்ந்து பின்னிய வலை. இன்னொரு வலையையும் இழந்தால் அடுத்த தொழில் காலத்துக்குக் கடலில் இறங்க வழியில்லை.

குட்டிகளை ஒரு பானைக்குள் விட்டு, அதன் வாயில் கிழிந்த வலைத்துண்டைக் கட்டினாள் யூலிற்றா. காலையில் கிணற்றடியில் தவளைக்குஞ்சு பிடிப்பதுதான் அவளுக்கு முதல் வேலை. ஒரு குட்டி முதன்முதலாகத் தவளையை விழுங்கிய அன்று, மரியநேசனைச் சாப்பாட்டில் இருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தோல் உரித்த அன்று இரண்டு பேருமே பானையடியில் குந்திக்கொண்டு அடுப்பில் சோறு கருகியதை மறந்துபோனார்கள். ஒன்று விரலைக் கவ்விக்கொண்டு தொங்கியபோதும் அவள் சிரித்தாள்.

அந்தச் சந்தோசத்தில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் பானையைத் திறந்து காட்டியதுதான் பிழையாகப் போயிற்று.

சாரை இருக்கிற இடத்துக்கு நாகம் தேடி வரும் என்றார்கள். ஏவாளைக் கெடுத்த சீவனுக்குத் தீனி போடுகிறாள் என்றார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவர் கோயில் மூப்பர் ஸ்ரீபன். அவர்களுடைய வேலிப் படலையைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி, ஊருக்கே கேட்க ஏசிவிட்டுத்தான் போவார்.

ஒரு பின்னேரம், கரையில் விளையாடிய பிள்ளை ஒன்றை ஏதோ பாம்பு தீண்டிவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் சனம் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்குள் யூலிற்றாவின் வேலியோரம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மரியநேசன் படலையை மறித்து நின்றான். இளந்தாரிகள் அவனைத் தள்ளத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் ஸ்ரீபன் மூப்பர் ஒரு கையில் சாக்கும் மறு கையில் பொல்லுமாக அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் வேலிக்கு அங்காலை நில்லுங்கோ. இதுக்கு நான்தான் முடிவு கட்டுவன்."

பானையை அப்படியே சாக்குக்குள் கவிழ்த்தார். யூலிற்றா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, அதுகள் குஞ்சுகள். ஒருத்தரையும் ஒண்டும் செய்யாதுகள்."

"கையை விடு பிள்ளை."

உதறிவிட்டுக் கடலோரக் களப்புப் பக்கமாக நடந்தார். சனம் திருப்தியாகக் கலைந்து போயிற்று.

அன்று தொடக்கம் யூலிற்றா அவருடைய முகத்தில் முழிக்கவில்லை. கோயிலில் அவர் செபம் சொல்லத் தொடங்கினால் அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். கொலைகாரன் என்று ஒருநாள் மரியநேசனிடம் சொல்லி அழுதாள்.

மாரி பிறந்தது. மூப்பரின் மனைவி சுசிலாவுக்குப் பிள்ளை பிறந்திருப்பதாகச் சேதி வந்தது. புருசன் செய்ததுக்குப் பிள்ளை பெற்றவள் என்ன செய்வாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று யூலிற்றா பால்சுறா மீனில் வறை வறுத்து எடுத்துக்கொண்டு போனாள். மூப்பரின் சைக்கிள் முற்றத்தில் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே போனாள்.

வறையைக் குசினிக்குள் வைத்துவிட்டுத் திரும்பியவளுக்கு மூலையில் ஏதோ அசையும் சத்தம் கேட்டது. அங்கே ஒரு பெரிய பானை. வாயில் வலைத்துண்டு கட்டியிருந்தது. குனிந்து பார்த்தாள். மினுமினுவென்று, நீளமாய், ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன.

அவளுடைய சாரைக்குட்டிகள்.

"அக்கா, சத்தம் போடாதேங்கோ" என்றாள் அறைக்குள் படுத்திருந்த சுசிலா. "அண்டைக்கு வந்தவங்கள் மண்ணெண்ணெய்ப் போத்தலோடைதான் வந்தவங்கள். உங்கட வாடியை வலையளோடை கொளுத்திறதெண்டு. இவர் முந்திக்கொண்டார்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் உங்கட முகமே காட்டிக் குடுத்திடும் எண்டவர்."

அந்த நேரம் பார்த்து, மழையில் தெப்பமாக நனைந்தபடி ஸ்ரீபன் மூப்பர் உள்ளே வந்தார். இடுப்பில் மடித்துக் கட்டிய சாரத்துக்குள் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. யூலிற்றாவைக் கண்டதும் கை தளர்ந்தது. மடிக்குள் இருந்து ஒரு தவளை நிலத்தில் குதித்தது.

யூலிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து அந்தத் தவளையைப் பிடித்தாள்.

"அண்ணை, இது பெரிசு. தொண்டையிலை இறுகிப்போகும். சின்னனாப் பாத்துப் பிடிச்சுக் கொண்டு வாங்கோ."