சொல்லாமல் விட்ட வலைப்பூ

இந்த மாதமும் அறிவியல் டீச்சரின் வலைப்பூவைக் கணக்கு டீச்சர் சொல்லவில்லை.

பெற்றோர் கூட்டம் முடியும் தறுவாயில், கல்வியாளர்களும் சிந்தனையாளர்களும் எழுதும் வலைப்பூக்களில் தமக்குப் பிடித்தவற்றைப் பரிந்துரைப்பது அவர் வழக்கம். தூக்கத்தைப் பற்றியே எழுதித் தள்ளும் ஓய்வுபெற்ற பேராசிரியருக்குக்கூட இன்று இடம் கிடைத்தது.

உள்ளூர் மாடு விலை போகாதுதான். ஆனால், இந்த மாட்டுக்குத் தொழுவத்தில் மாலை மரியாதையெல்லாம் நடக்கிறதே! எந்தப் பதிவைப் போட்டாலும் முதல் பாராட்டு கணக்கு டீச்சருடையதுதான். வலைப்பூவில் அத்தனை புகழ்ச்சி; கூட்டத்தில் ஒரே மௌனம். தலை எது, வால் எது என்று அறிவியல் டீச்சருக்கு விளங்கவில்லை.

நாற்காலிகளை அடுக்கும் சாக்கில் அருகே போய் நின்றாள்.

"அக்கா, நான் எழுதுறது நல்லா இல்லேன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க."

"யாருடி அப்படிச் சொன்னா? அந்த டிபன் பாக்ஸ் பதிவை என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். மனுஷன் மூக்கை உறிஞ்சிட்டாரு."

"அப்புறம் ஏன் மேடையில வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?"

"உன்னுது வேற, விடு."

"பொறாமையா அக்கா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணக்கு டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் குழப்பியது.

"உனக்கென்ன, படிக்க ஆளா இல்லை?"

"ஊரே படிக்குது. நம்ம பிள்ளைங்களைப் பெத்தவங்க படிச்சாதானேக்கா எனக்குப் பெருமை? பசியில மத்தவங்க டப்பாவைத் திறந்து தின்ன பையனை நான் அடிக்கலை, காட்டிக் கொடுக்கலை. தினமும் அவனுக்கும் சேர்த்து ஒரு டப்பா கட்டிட்டு வந்தேன். அது அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? பேரைக்கூட மாத்திதான் எழுதினேன்!"

"பேரை மாத்தினே. கண்ணாடிக்கு ஒட்டுப் போட்ட பையன், அச்சகத்துல வேலை போன அப்பா... அதையெல்லாம் மாத்தலையே."

"அதனால என்ன?"

கணக்கு டீச்சர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அந்த அப்பா மாசாமாசம் முன்வரிசையில உக்காந்து, நான் சொல்ற ஒவ்வொண்ணையும் வீட்டுக்குப் போய் ஒரு எழுத்து விடாம படிக்கிறாரு. பிள்ளை திருடித் தின்னது அவருக்கு இன்னும் தெரியாதுடி."