கேட்டில் மாட்டிய சாப்பாட்டுப் பை

"யாரக் கேட்டு எங்க மில்ல வரஞ்சாங்க இந்தம்மா?"

சூசைநாதன் போட்ட சத்தத்தில் கண்காட்சிக் கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கை நீட்டிய ஓவியத்தில் பூட்டிய இரும்பு கேட், பின்னால் இடிந்த புகைபோக்கி, கேட் கம்பியில் ஒரு சாப்பாட்டுப் பை.

"மொள்ள பேசுங்கய்யா" என்றாள் கூடத்தில் வேலை பார்க்கும் துர்கா. சீனாவிலிருந்து வந்திருந்த ஓவியர் லின் பக்கத்திலேயே நின்றார்.

"ஏன் மொள்ள பேசணும்? இருவத்திரெண்டு வருஷம் ஸ்பின்னிங்ல நின்னவன் நானு. மில்ல மூடுன அன்னிக்கு ஷிஃப்ட்டுக்குப் போனா கேட்ல பூட்டு தொங்குது. ஆத்திரத்துல சோத்த அங்கியே மாட்டிட்டு வந்தேன். எங்க வயித்தெரிச்சல் இவங்களுக்குச் செவுத்துல மாட்டுற படமா? கேளும்மா!"

துர்கா ஆங்கிலத்தில் கேட்டாள். லின் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

"ஐயா, இது நம்ம மில் இல்லியாம். அவங்க ஊர் இரும்பு ஆலையாம். அந்தப் பை அவங்க அப்பாவுதாம். ஆலையப் பூட்டுனப்ப இவங்களுக்கு ஏழு வயசாம்."

சூசைநாதன் படத்தையே வெறித்தார். பிறகு, குரலைக் குறைக்காமலே கேட்டார்:

"அங்கியும் ஆளுங்க ஷிஃப்ட்டுக்கு வந்து நின்னப்புறம்தான் பூட்டக் காட்டுனானுங்களா? கேளும்மா!"