இலவசப் பயணம்

புதிய ரயிலின் முதல் நாள். பலூன், பேண்டு வாத்தியம், எல்லோருக்கும் இலவசப் பயணம். முன்பு, இந்த ரயில் பாலத்தின் ஒரு தூணுக்குக் கான்கிரீட் கொட்டிய நாளில் ஒரு தொழிலாளி காணாமல் போனான். "சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்மா" என்று கைகழுவிய என்ஜினியர், அவன் மனைவிக்கு ரயில் பெட்டி துடைக்கும் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்.

நிறுத்தமே இல்லாத அந்தத் தூணின் மேல் ரயில் நின்றது. கதவு திறந்து மூடியது. யாரும் ஏறவில்லை.

அவள் துடைத்துக்கொண்டிருந்த பெட்டியின் தரையில் ஈரக் கான்கிரீட் பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கால்விரல் புண்ணுக்காக அவள் கணவன் இடது பூட்ஸின் முனையை வெட்டியிருந்தான். இடது தடத்திலும் கட்டைவிரல் பதிந்திருந்தது. ஜன்னலோரக் காலி இருக்கையின் முன் தடங்கள் நின்றன.

"என்னம்மா வேடிக்கை பாத்துக்கிட்டு? அடுத்த ஸ்டாப்ல மேயர் ஏறுறாரு, சட்டுனு துடை" என்றபடி என்ஜினியர் அந்த இருக்கையில் உட்காரப் போனார்.

"அங்க ஆள் இருக்கு சார்" என்றாள்.