எந்தப் படிப்பு

வங்கிக் கிளையில் அவள் தன் கணினியில் இரண்டு படிப்புகளைத் திறந்து வைத்திருந்தாள்.

ஒன்று, காப்பீடும் மியூச்சுவல் ஃபண்டும் விற்பதற்கான தேர்வு. கட்டணத்தை வங்கியே கட்டும். தேறினால் பதவி உயர்வு.

மற்றது நிதித் திட்டமிடலுக்கான சான்றிதழ். நீண்ட படிப்பு. கைக்காசு போட்டுத்தான் படிக்க வேண்டும். முடித்தால் எதையும் விற்காமல், ஆலோசனை மட்டும் சொல்லிப் பிழைக்கலாம் என்றார்கள்.

பிழைக்க முடியுமா?

சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேலாளர் தணிகாசலம் காலையிலேயே கேட்டுவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். அதிர்ந்து பேசாதவர். ஆனால் இலக்கை மட்டும் மறக்கமாட்டார்.

எதிர் நாற்காலியில் பாக்கியத்தாய் வந்து உட்கார்ந்தார். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பணிக்கொடை மொத்தமும் கணக்கில் ஏறியிருந்தது.

அவள் வழக்கம்போல் காப்பீட்டுத் திட்டத்தின் வழவழப்பான தாளை அவர் பக்கம் திருப்பினாள். வருஷா வருஷம் கட்ட வேண்டிய திட்டம். இவர் ஒருவர் சேர்ந்தால் போதும், இந்த மாதத்துக்குக் கவலையில்லை.

பாக்கியத்தாய் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்கம்மைக்குன்னா எதுல போடச் சொல்லுவ, தாயி?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தணிகாசலம் நிமிர்வது தெரிந்தது.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எதிர்ல தபால் ஆபீஸ் இருக்குல்லா. அங்க மூத்தவங்களுக்குன்னு ஒரு திட்டம் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்க வட்டி வந்துரும். நம்ம கிளையில அது கிடையாது. அங்க போங்கம்மா."

பாக்கியத்தாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்தார்.

தணிகாசலம் குனிந்து வேலையைப் பார்த்தார்.

அவள் இரண்டாவது படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஸ்கூட்டர் வாங்கச் சேர்த்த காசில் முதல் தவணை போனது.

பிறகு எழுந்து தணிகாசலத்தின் அறைக்குப் போனாள்.

"சார், பேங்க் பரீட்சைக்கு என் பேரக் குடுக்க வேண்டாம். நான் அந்தப் பிளானிங் படிப்புல சேந்துட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வசவுக்கு அவள் தயாராகவே நின்றாள்.

"உக்காருங்க."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"அந்தப் படிப்புக்கு வயசு வரம்பு ஏதும் உண்டாம்மா?"